பரண் கயிறு

ஆறு வாரம் காஸலில்,
ஆறு வாரம் வீட்டில்.
ஜெர்மனியில் ஒரு கிழவரின் தாடையில் நுரை பூசி
மழித்துவிடுகிறேன்.
முப்பது வருடம் ரயில் ஓட்டியவர்,
கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைக் கொடுக்கிறார்.
அந்தக் காசில்தான்
நிசாவில் வீட்டுக்கடன் அடைகிறது.

ஸெனோன் துணி துவைப்பது
எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.
தோட்டத்துக் கொடி சும்மா கிடக்க
பரணில் கயிறு கட்டி உலர்த்துகிறான்.
கிங்காவின் பள்ளிச் சட்டையில்
எப்போதும் லேசாய் ஒரு பூஞ்சை வாடை.
அவளுக்குச் சடையும் அவன்தான்.
வெல்டிங் கை;
பின்னல் இறுகி இறுகி
பிள்ளையின் புருவம் மேலேறி நிற்கிறது.
யாராவது கேட்டால்
பக்கத்து வீட்டு இரெனா பின்னினாள்
என்று சொல்ல வேண்டுமாம்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும்,
அவன் அண்ணன் வந்துவிடுவார்.
உடனே மேஜைமுன் சாய்ந்துகொண்டு
"உப்பு எங்கே?" என்பான் ஸெனோன்,
அவர்கள் அப்பாவின் குரலில்.
எனக்கென்ன தெரியும்.
எந்த அலமாரியைத் திறந்தாலும்
அவன் வைத்த ஒழுங்கு.
அண்ணன் சூப்பில் குனியும் நேரம் பார்த்து
முகவாயால் ஜாடை காட்டுகிறான்:
ஜன்னலோரம், நீல டப்பா.
எடுத்து வைக்கிறேன்.
"பொண்டாட்டி வந்தால்தான் வீடு" என்கிறார் அண்ணன்.
நாங்கள் இருவரும் தலையாட்டுகிறோம்.

இந்த முறை கிளம்பும் முன்
பரண் கயிற்றை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒரு படம் அனுப்பினான்.
தோட்டத்துக் கொடி,
அவன் சட்டைகள், கிங்காவின் பாவாடை,
வரிசை பிசகாத கிளிப்புகள்.
பின்னால்
கும்மிருட்டு.