கழற்ற முடியாத வீடு

மல்லாவிக்கு நான் கொண்டுவந்த வரைபடத்தில்
ஆணியில்லை, பசையில்லை.
எல்லாம் நட்டும் மரையும்.
ஓகூஸில் இப்போது அப்படித்தான்:
செங்கல்லைத் தூக்குமுன்
அது சூளையில் விட்ட புகையை நிறுக்கிறோம்.
இடித்த மதுவடிசாலையின் சுவரைச்
சதுரமாய் அறுத்துப்
புது வீட்டில் பதிக்கிறோம்.
கட்டும்போதே பிரிக்கவும் யோசி,
அதுதான் முதற்பாடம்.

மங்களேஸ்வரி அக்கா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கழட்டலாமோ?"
"முழுசா. ஒரே நாளில."
"நாங்கள் அரைநாளில கழட்டினனாங்கள்.
தகரம் முப்பத்தாறு, நிலை ரண்டு, யன்னல் நாலு.
மெசின்பெட்டியில ஏத்தித் தருமபுரம்.
பிறகு விசுவமடு.
பிறகு தேவிபுரம். தகரம் அங்கதான் கிடக்கு."

கொஞ்சநேரம் வரைபடத்தின் ஓரத்தைத் தடவினார்.
"எனக்குப் பிளேற் போட்ட வீடு வேணும், பிள்ளை.
ஆரும் தூக்கேலாததா."

இரவு
சீமெந்துக்கான கரியமிலத்தைக் கணக்கிட்டேன்.
வந்த எண்ணை
முப்பத்தாறுக்குக் கீழே எழுதினேன்.
கூட்டுவதா கழிப்பதா தெரியவில்லை.

காலையில் பாலைமரத்துக்காக
வீட்டை நாலடி தள்ளிக் கயிறு பிடித்தோம்.
அதில் மட்டும்
எங்களுக்குள் சண்டை வரவில்லை.