ஓர் ஆள் சம்பளம்

மூவராகத்தான் வாசித்து வந்தோம்.
"இடம் சின்னது, மேடம்" என்றார்
மீன் உணவகத்து முதலாளி துவாந்த்ர்.
"வெள்ளிதோறும் இரண்டு மணி நேரம். ஓர் ஆள் சம்பளம்.
சத்தம் வேண்டாம். சோகமும் வேண்டாம்."

பாஸ் வாசிக்கும் ரெனியேவிடம் சொன்னேன்.
இரட்டையரில் ஒன்றைத் தோளில் போட்டு
ஏப்பம் வரத் தட்டிக்கொண்டே சிரித்தான்:
"அப்போ என் வேலை உன் கட்டைவிரலுக்கா?"

ஆமாம்.
கட்டைவிரலுக்குப் பாஸ்.
மெல்லிய தந்திக்கு மெட்டு.
இடையில் இரண்டு விரல்கள்
நடுப்பிள்ளைகள் மாதிரி,
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல்,
கார்டைத் தாங்கி நிற்க வேண்டும்.

பகலில் நான் பல்செட் செய்பவள்.
லியேஜ் நகரத்தில் யார் யார் சிரிப்பு என் கைவேலை என்று
அவரவர் வீட்டுக்காரிக்கே தெரியாது.
அந்தப் புத்தி இங்கேயும் வந்துவிட்டது.
இடுக்கு தெரிந்த இடமெல்லாம் அடைத்தேன்.
மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே
ஐந்து தந்தி கார்டு, பிசகில்லாமல்.
கைபேசியில் பதிந்து பேருந்தில் கேட்டேன்:
வீடு மாறும் லாரி ஒன்று
ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பிடுங்க ஆரம்பித்தேன்.
முதலில் ஐந்தாம் சுரம். போனதே தெரியவில்லை.
பிறகு வேர்ச்சுரம். வலிக்கும் என்றுதான் நினைத்தேன்;
காது தானாக ஒன்றை நட்டுக்கொண்டது.
மூன்றும் ஏழும் போதும்,
கார்டு நின்றுவிட்டதா கிளம்பப்போகிறதா என்று சொல்ல.
சில இடங்களில் அதுவும் இல்லை.
மெட்டு மட்டும், வெறுங்காலோடு.

இரவில் சமையல் நிகழ்ச்சியை
உரக்க வைத்துக்கொண்டு பழகினேன்.
தட்டும் கரண்டியும் காதுக்குப் பழகட்டும்.
செவ்வாயன்று மோதிரவிரல் நகம் ஒடிந்தது.
வேலையிடத்து அக்ரிலிக்கைப் பூசித் தேய்த்தேன்.
நிறம் ஏ-டூ,
ஐம்பது வயது முன்பல்லுக்கு உரியது.

புதன் மதியம் இடம் பார்க்கப் போனேன்.
கையில்லாத நாற்காலி உண்டா,
பிளக் எவ்வளவு தூரம்.
சுவரோரம் மீன் வைக்கும் குளிர்பெட்டி
மூச்சு விடாமல் முனகிக்கொண்டிருந்தது.
ஜி.
துளி மேலே தூக்கிய ஜி.
சம்பளம் கேட்காத பாஸ்காரன்!

வியாழன் இரவெல்லாம்
மூன்று பாட்டை ஜி-க்கு இழுத்து வந்தேன்,
ஒன்று இ-ஃப்ளாட்டை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.
கிட்டாரை மயிரிழை ஏற்றிச் சுருதி கூட்டினேன்.
குளிர்பெட்டி பிடிக்கும் இடத்தில் எல்லாம்
கட்டைவிரலுக்கு விடுமுறை.
பட்டியலை ஒரு கடைவாய்ப்பல் ரசீதின்
பின்பக்கம் எழுதினேன்.

வெள்ளி. மியூஸ் நதிமேல் மழை.
ஒன்பது மேசை, ஐந்தில் ஆள்.
உட்கார்ந்தேன். என்னவோ இல்லை.
துவாந்த்ர் குனிந்து, பெருமை பொங்க:
"உங்களுக்காக அந்தச் சனியனை நிறுத்திவிட்டேன்.
மீன் எல்லாம் ஐஸில்."

நன்றி என்றேன். வேறென்ன சொல்ல.

முதல் பாட்டில் கட்டைவிரல் பதறிப்போய்
இரண்டு இடத்தில் உள்ளே பாய்ந்தது,
அழைப்பில்லாத விருந்துக்கு வந்தவன்போல்.
உலகத்தில் எதோடும் ஒட்டாமல்
மயிரிழை மேலே நின்றது என் சுருதி.
அதைக் கண்டுபிடிக்க அங்கே யாருமில்லை
என்பது ஆறுதலா அவமானமா தெரியவில்லை.

மூன்றாவதில் விட்டுவிட்டேன்.
குளிர்பெட்டிக்கென்று வைத்த இடம்
காலியாகவே இருக்கட்டும்.
ஜன்னலோர மேசையில் ஒருவர்
தின்ற மட்டியின் ஓட்டைக் கிண்ணத்தில் போட்டார்.
இன்னொன்று. சற்றுத் தாமதமாக.
தாளத்தில் இல்லை.
ஆனாலும் அடுத்த கார்டை
அவர் கை இறங்கும்வரை நிறுத்திவைத்தேன்.

இடைவேளையில் ரெனியேவுக்குச் செய்தி அனுப்பினேன்:
உன் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

பதில் உடனே வந்தது:
மெல்ல. இரண்டும் இப்பத்தான் தூங்குது.