ஓர் அரைப்புள்ளி

முதலில் போனது வல்லினம்.
பள்ளிக்கூடத்தில் ராகம் போட்டுப் படித்த கசடதபற.
அதே வரிசையில் போகவில்லை.
சகரம் எப்போது எழுந்து போனதென்று
எனக்கே தெரியாது.
வாசலில் செருப்போடு நின்று இவர்
"ஆவி எங்கே?" என்றார்.
எந்த ஆவி, என்றேன்.
ஆணியில் தொங்கிய சாவியைத் தானே எடுத்துக்கொண்டு
சிரிக்காமல் போனார்.

ராமநாதபுரத்து டாக்டர் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்தார்.
கேட்டால் பொத்தானை அமுக்கு.
வலக்காதுக்கு வட்டம், இடக்காதுக்குப் பெருக்கல்குறி.
தாள் வந்தது: உமையாள், 53.
வலப்பக்கம் போகப்போகச் சரிகிற கோடு.
இறங்குவது எதுவானாலும் எனக்கு அவரோகணம்.
பஸ்ஸில் உச்சிப்புளி வரைக்கும்
வாய்க்குள் பாடிப் பார்த்தேன்.
எந்த ராகத்திலும் சேரவில்லை.

மெஷின் இருபத்தெட்டாயிரம்.
மண்டபத்தில் கச்சான் அடிக்கிற நாளில்
அது காற்றை மட்டும் கேட்டது,
பக்கத்து வீட்டுத் தார்ப்பாய்
என் மண்டைக்குள் அடித்துக்கொள்வது போல.
சந்தியாகு வயலினை இறக்கிவிட்டு வாயசைத்தான்.
கழற்றி அரிசி டப்பாவில் போட்டேன்.
உப்பு ஈரத்துக்கு அரிசி நல்லதாம்.
ஒரு நாள் உலை வரைக்கும் போய்த் திரும்பியது.

ஏழு ஸ்வரத்தில்
ரியும் மவும் நியும் பேரோடு வருகின்றன.
மற்ற நான்கும் வெறும் அகரம்.
அசையாதவை என்று பேர் வாங்கிய
சவும் பவுமா இப்படி!
ஆகவே மத்யமாவதி எடுத்தேன்.
ச ரி ம ப நி. ஐந்தில் மூன்று மிச்சம்.
கச்சேரி முடிகிறபோது பாடும் ராகம் அல்லவா,
அக்கா முடித்துக்கொள்கிறார் என்று
தங்கச்சிமடம் வரைக்கும் பேச்சு.
இல்லை. கணக்குத்தான்.

சாகித்யத்திலும் அதே கஞ்சத்தனம்.
மலரும் அலையே, மனமே, வா
என்று எனக்குக் கேட்கிற எழுத்தாகப் பொறுக்கி ஒரு பல்லவி.
மேல் ஸ்தாயிப் பக்கம் போகவே இல்லை.
சந்தியாகு இரண்டு தரம் வாசித்தான்.
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதி நீட்டினான்:
"தூக்கம் வருது அக்கா."

இரண்டு நாள் கோபம்.
மூன்றாம் நாள் ராத்திரி
கதவின் தாழ்ப்பாள் ஆடுவதைப் பார்த்தேன்.
யாரோ தட்டுகிறார்கள். திறந்தால் ஆளில்லை,
முகத்தில் மணல்.
பல்லவியைக் குறுக்கே அடித்துவிட்டு எழுதினேன்:
கச்சான் தட்டுது, தாழைத் திற, கடலே கேட்குது, திற.
எனக்கு அதில் பாதி எழுத்து ஊமை.
இருக்கட்டும். பாடுகிறவளுக்குப் பல்லும் நாக்கும் இருக்கிறதே.
அனுபல்லவியை மேல் சட்ஜத்துக்கு ஏற்றி,
அதற்கும் மேலே ரிஷபத்தில் நிறுத்தினேன்,
விரல் விட்டு எண்ணி,
நான் இனி ஏறாத மாடிக்கு
ஆளிடம் சாமான் கொடுத்து அனுப்புவது போல.

மாசியில், பாம்பன் பள்ளிக்கூடத்து ஹாலில் வேணி பாடினாள்.
முன்வரிசையில் இருந்து
அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாலத்தில் ரயில் ஏறியது
நாற்காலிக் காலில் தெரிந்தது.
நரம்பு புடைத்தது. ரிஷபம்.
இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை.
என் தொடையில் ஒன்று.
சந்தியாகு வில்லைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான்.
இரண்டு.
யாரோ பெற்ற குழந்தை
சூப்பிக்கொண்டிருந்த விரலை வாயிலிருந்து எடுத்தது.
பிறகுதான் இறங்கினாள்.

"தப்பா, அக்கா?"
பகரத்தில் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. கண்ணால் கேட்டேன்.
தப்புத்தான், என்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தால்
ரிஷபத்துக்குப் பக்கத்தில் இடமே விடவில்லை நான்.
பேனாவைச் சாய்த்து
இடுக்கில் ஓர் அரைப்புள்ளி வைத்தேன்.
இவர் விளக்கை அணைக்க வந்து,
நான் இன்னும் எண்ணிக்கொண்டிருந்ததால்
அணைக்காமல் போனார்.