ஆறாவது மெய்

புவோனா விஸ்தா, நான்காம் மாடி.
உலர்பனி புகையப் புகைய வந்த பெட்டிக்குள்
ஐந்து மில்லிகிராம் வெள்ளைத் தூள்,
வேதியியல்காரர்கள் அனுப்பிய முப்பத்தொன்பதாவது.
இந்த ஊர்ப் பலகைகள் நாலு மொழி பேசும்;
சீசாவின் சீட்டு ஒரே மொழியில் முடித்துக்கொள்கிறது:
ஆய்வுக்கு மட்டும். மனிதர்களுக்கு அல்ல.

குவேக் அங்கிள் எங்கள் குடுவைகளைக் கழுவுகிறவர்.
போன வருஷத்துக் கீமோ கட்டியைக் கரைத்தது,
போகிற போக்கில் பாதங்களையும் கொண்டுபோனது.
சப்பாத்து கழன்றதுகூடத் தெரியாமல்
லிஃப்ட் வரை நடந்துவிடுவார்.
வெள்ளிக்கிழமைதோறும் ஒரே கேள்வி:
"மருந்து ஆச்சா லா?"

எப்படிச் சொல்ல?
எங்கள் மெய்யெழுத்து மாதிரியே
பதினெட்டு நொதிகள், அங்கிள்.
உயிர்மெய்யிலிருந்து உயிரை உருவிவிட்டு
தலையில் புள்ளி வைக்கிற வேலை.
வாசிக்க வேண்டிய மரபணு வாய்மூடிக் கிடக்கும்.
அத்தனை பேரையும் சேர்த்துத் தடுத்தால்
அடங்கியிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கத்தும்,
ரத்தம் தாங்காது.
எனக்கு வேண்டியது ஆறாவது ஆள்.
ணகரம் போல, சொல்லுக்கு முதலில் வராதவன்,
உட்கருவுக்கு வெளியே குந்தியிருந்து
நரம்பின் நுண்குழல்களைச் சுரண்டுகிறவன்.
முதுகில் ஏறினால் உள்ளங்காலில்தான் இறங்க வேண்டிய
தண்டவாளம் அது;
நடுவில் ஸ்டேஷன் கிடையாது.

சொல்லவில்லை.
அவருக்கு ஹொக்கியன், கொஞ்சம் மலாய். எனக்கு ணகரம்.

ஏழேகால். திரையில் படம் மெல்லக் கறுத்து வருகிறது.
ஃபரிதா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
டியூபுலின் பட்டை, மூன்று குழியிலும் தடித்து.
ஹிஸ்டோன் பட்டை
இருந்த மங்கல் அப்படியே.
அசையவில்லை.
இந்த அசையாமைக்குத்தான்
பதினான்கு மாதமும் என் தீபாவளி லீவும்.
கையுறையில் எங்கோ கரைப்பான் கசிந்திருக்கிறது,
நாக்கெல்லாம் பூண்டு.

கழுவுமிடத்தில் தண்ணீர்ச் சத்தம்.
"ஆச்சா?" திரும்பாமலே கேட்டார்.
முதல்ல எலிக்கு, அங்கிள்.
அப்புறம் இன்னும் பல வருஷம். அப்புறம்தான் பார்க்கணும்.
குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்:
"நானும் எலி வருஷம்தான்."

சீசாவை மைனஸ் எண்பதில் வைத்துப் பூட்டினேன்.
பூட்டை இழுத்துப் பார்த்தேன்.
இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன்.

லிஃப்ட் வாசலில்
ஒற்றை ரப்பர் சப்பாத்து, இன்னும் ஈரமாய்.
எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.