கெட்டி எண்ணெய்

ஞாயிறு பத்து மணிக்கு வருவதாகச் சொன்னான்
கிரெமோனாவிலிருந்து தித்சியானோ என்றொருவன்.
குரலுக்கு முப்பது வயதுகூட இருக்காது.
விற்கும் வண்டிக்கு எதற்குப் புது எண்ணெய் என்று கேட்காதீர்கள்.
அழுக்கோடு கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

லுமெத்சானேயில் நவம்பர். பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம்.
எதிர்ச்சரிவில் குழாய்ப் பட்டறைகள்
சனிக்கிழமைக்கு அடங்கிவிட்டன.
இரண்டே இருக்கை, தரையோடு படுத்த சிவப்பு வண்டி;
ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன்.
சூடேறிய எண்ணெய்தான்
அழுக்கைத் தன்னோடு கூட்டிவரும்.

முன்பக்கம் தூக்கி, தாங்குகால் கொடுத்து,
அட்டை விரித்து மல்லாந்தேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பானர். ஒரு திருப்பு.
மீதி விரலால்.
திருகாணி கைநழுவித் தட்டில் விழ
கரிய எண்ணெய் கயிறாய் இறங்கியது,
பிறகு நூலாய்,
பிறகு எண்ணி எண்ணிச் சொட்டாய்.

ஃபில்டர் முரண்டு பிடித்தது.
போன முறை இறுக்கியவர் யார்? நான்தான்.
கையால் முக்கால் சுற்று போதும் என்று
டப்பாவிலேயே எழுதியிருக்கிறது;
அன்று யார் மேல் கோபமோ.
வார்ப்பட்டை போட்டு இழுத்ததில் கழன்றது.
மணிக்கட்டில் தொடங்கிய எண்ணெய்
முழங்கை தாண்டிச் சட்டைக்குள் போனது.

பல் கட்டும் கூடத்தில் இருபத்தாறு ஆண்டு வேலை எனக்கு.
பிறர் வாய்க்குள் போகும் உலோகத்தை
அராவி, மெருகிட்டுத் தருகிறேன்.
அந்தப் புத்திதான்: பழைய ஃபில்டரை வீசாமல்
தகரத்தை வெட்டுச்சக்கரத்தால் சுற்றித் திறந்தேன்.
ரம்பம் கூடாது, அதன் தூளே பொய்ச்சாட்சி சொல்லும்.
உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம்.
விசிறிபோல் விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

மினுங்கியது.

காந்தம் காட்டினேன். ஒரு துகளும் எழுந்து வரவில்லை.
அப்படியானால் இரும்பில்லை. பேரிங்.
வெள்ளை மினுக்கம் மேல்பூச்சு, இன்னும் நாளிருக்கிறது.
செம்பு நிறம் என்றால்
தோல் போய் உள்சதை தேய்கிறது.
வெள்ளை, வெள்ளை என்று சொல்லிக்கொண்டே வந்தவள்
ஏழாம் மடிப்பில் நிறுத்தினேன்.
செம்பை எனக்குத் தெரியாதா.

புது வாஷர். புது ஃபில்டர்.
அதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் பூசி
முக்கால் சுற்று. இம்முறை முக்கால்தான்.

அலமாரியில் இரண்டு டப்பா.
கையேடு கேட்பது பத்து டபிள்யூ நாற்பது.
மற்றது இருபது டபிள்யூ அறுபது,
உதிரிபாகக் கடை குவால்தியேரோ என் தலையில் கட்டியது:
"கெட்டியா ஊத்து ஒர்னெல்லா, சத்தம் அடங்கிடும்.
வாங்குறவன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்."
எந்தச் சத்தம் என்றேன், ஒன்றும் தெரியாதவள்போல.
சிரித்தான்.

கெட்டி டப்பாவைத்தான் முதலில் திறந்தேன்.
மறைக்க என்ன இருக்கிறது.
தேன்போல் சோம்பலாக அசைந்தது அது.
வண்டி விற்கும் பணத்துக்குக் கூரை காத்திருக்கிறது,
மாடியில் மழைக்கு இரண்டு வாளி வைத்திருக்கிறேன்.
புனல் என்ஜின் வாயில் நின்றது.
நான் டப்பாவோடு நின்றேன்,
கை வலிக்கும்வரை.

மூடியைத் திருகிவிட்டு மற்றதை எடுத்தேன்.

சாவி திருப்பியதும் சிவப்பு விளக்கு
மூன்று நொடி எரிந்து அணைந்தது.
பிறகு, இருபது நாளாக
நான் ரேடியோ போட்டு மூடிவைத்த
டக், டக்.

தித்சியானோ ஒன்பதரைக்கே வந்துவிட்டான்.
பையில் போட்டு இருக்கையில் வைத்திருந்த காகிதத்தை
எடுத்தான், முகர்ந்தான்,
என்னைவிட மெதுவாக விரித்தான்.
விலையைப் பேசுவான் என்று நின்றேன்.
"என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள்?" என்றான்.
சொன்னேன்.
முன்மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிடச் சொல்லி,
கண்ணை மூடிக் குனிந்தான்.

நான் அவன் காதையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.