நாற்பது புள்ளி பூஜ்யம் நான்கு

நவம்பர். ஹாக்ஸ்பி மைதானத்தின் தகரக் கொட்டகையில்
ஒரு கம்பி மட்டும் சிவக்கிற ஹீட்டர்.
வெளியே சர்க்கரைப் பீட் லாரிகள்
சேற்றைச் சாலையெல்லாம் உதிர்த்தபடி போகின்றன.

ஏழு பேரை நாற்பதுக்குள் அடைக்க வேண்டும்.
போன வருடம் ஒவ்வொருவனும் ஓட்டிச் சேர்த்த சராசரி,
ஏழையும் கூட்டினால் நாற்பதைத் தாண்டக் கூடாது.
காசுள்ள கிளப்பே எல்லோரையும் வாரிக்கொள்ளாதபடி
யாரோ நல்ல மனசுக்காரர்கள் போட்ட சட்டம்.

லாரிட்சன், டென்மார்க், 8.41. புதுசு.
வியெழ்பா 7.26,
ஞாயிறு போலந்தில் ஓட்டிவிட்டு
திங்கள் விமானத்தில் தூங்கிக்கொண்டே வருகிறவன்.
டன்ஸ்டன் 6.88,
பெர்த்திலிருந்து மனைவி, கைக்குழந்தை,
ஈரம் ஏறாத வீடு ஒன்று வேண்டுமாம், லிங்கன்ஷயரில்.
டில்மன் 5.80.
மும்மூன்றில் இரண்டு பொடியன்கள்,
ஒருவனுக்கு வேன் ஓட்ட இன்னும் லைசென்ஸ் இல்லை.
ஆறு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று.
ஏழாவது, இந்த ஊர்ப் பையன்,
கீரன் ஆலரன்ஷா, 5.69.

பென்சிலால் கூட்டினேன்.
கால்குலேட்டரில் கூட்டினேன்.
கீழிருந்து மேலாகக் கூட்டினேன்.
நாற்பது புள்ளி பூஜ்யம் நான்கு.

தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன.
இங்கே ஒரு மயிரிழை.

டெஸ்மண்ட் என் பின்னால் நின்று
தேநீரில் பிஸ்கட்டை முக்கினார். உடைந்து உள்ளே போயிற்று.
“எவனாவது கொஞ்சம் மோசமாக ஓட்டியிருக்கலாம்.”
அவர் சிரிக்கவில்லை.

செப்டம்பரின் கடைசி ஆட்டம்.
பதினான்காம் பந்தயத்திலேயே ஜெயித்தாயிற்று,
பாதிக் கூட்டம் கார்களைத் தேடிப் போய்விட்டது.
பதினைந்தில் கீரன் நாலாவது.
நீல ஹெல்மெட், வாயெல்லாம் மண்.
கடைசி வளைவில்,
வேலிக்கும் முன்னால் போகிறவனுக்கும் நடுவே
ஒரு கை அகலம்,
யாருக்கும் வேண்டாத அந்த இடைவெளியில்
வண்டியைச் செருகினான்.
மூன்றாமிடம். ஒரு புள்ளி.
முதலில் கத்தியது நான்தான்.
மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது.

அறுபத்து நான்கு பந்தயங்கள்.
அந்த ஒன்றைக் கழித்தால் 5.63.
கூட்டினால் 39.98.
அடங்கியிருப்பான். இரண்டு மிச்சம்கூட இருந்திருக்கும்.

ஓட்டி வாங்கிய புள்ளி ஒன்று,
தசமத்தின் புள்ளி இன்னொன்று.
நடுவில் கிரீஸ் கையோடு ஒரு பையன்.

ஃபோன் செய்ததும் நான்தான்.
டெஸ்மண்டுக்குத் திடீரென்று பாத்ரூம் போக வேண்டியிருந்தது.
எதிர்முனையில் கிரைண்டர் சத்தம். நிறுத்தினான்.
“எவ்வளவு தாண்டுது?”
சொன்னேன்.
“அந்தக் கடைசி வளைவு.”
நான் பேசவில்லை.
“விட்டிருக்கணுமா?”
“இல்லை.”
“விட்டிருக்கவும் மாட்டேன்.”
“தெரியும்.”
கிரைண்டர் மறுபடி ஆரம்பித்தது.

உரிமை எங்களுக்கு, ஓட்டம் மார்டன்ஃபெல்லுக்கு.
லோன் என்று பெயர்,
புல்வெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது மாதிரி.
படிவத்தில் ‘சொத்து’ என்ற கட்டத்துக்குள்
அவன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன்.

ஈஸ்டர் வெள்ளி. மழை விட்டிருந்தது.
வெள்ளை ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி
பழக்கத்தில் எங்கள் பக்கமே நடந்து வந்தான்,
பாதியில் நின்றான், திரும்பினான்.
நானும் எதையோ தேடுவதுபோல் பைக்குள் குனிந்தேன்.

நாடா எழுந்தது.
பிரேக் இல்லாத நான்கு வண்டிகள்
ஒரே பக்கம் சாய்ந்தன.
எங்கள் இரண்டாம் வளைவில்
மழைக்குப் பிறகு ஒரு பள்ளம் விழும், வெளியோரத்தில்.
லாரிட்சனுக்கு அது தெரியாது.
சொல்லிவைக்க வேண்டியது என் வேலை.
மறந்துவிட்டேன் என்றுதான் டெஸ்மண்டிடம் சொன்னேன்.

நிகழ்ச்சித்தாளில் கீரன் பெயருக்கு நேரே
பென்சிலால் மூன்று போட்டேன்.
அழுத்திவிட்டேன் போலிருக்கிறது,
அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தது.
இப்படியே ஓட்டினால்
வருகிற நவம்பரில்
அவர்கள் நாற்பதுக்குள்ளும் அடங்கமாட்டான்.