புதுசாய்ச் செய்த பழசு

பேர்த் நகரில் ஒன்பது மணியென்றால்
கல்லடியில் ஆறரை.
யாரோ ஒருவரின் பல் வைத்தியசாலைக்கு
நான் கணக்கெழுதத் தொடங்கும் நேரம்.
மூன்று வருஷமாய் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை.
பின்னங்கால் பிளந்து
கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது.
அவர்களுடைய கடைவாய்ப் பற்களைக் கூட்டிக் கூட்டி
என் இடுப்பு தேய்ந்தது.

போனஸ் வந்த கிழமை
காத்தான்குடிக்குப் போனேன்.

"எல்லாம் அந்தக் காலத்து மொடல்"
என்றார் முபீத்.
எந்தக் காலம்?
"போன மாசம். மொரட்டுவையில."
சிரிக்காமல் சொன்னார்.
அந்த ஒரு பதிலுக்காகவே
வேறு கடை ஏறவில்லை.

முதலாவது, கறுத்தத் தோல்,
பித்தளைக் குமிழ் வரிசை.
இருந்து பார்த்தேன்.
கச்சான் காற்று வீசும் மாதங்களில்
தோலும் தோலும் ஒட்டிக்கொள்ளும்.
எழும்பும்போது ஒரு சத்தம் வரும்.
மீட்டிங்கில் அது கதிரை போட்ட சத்தமென்று
யார் நம்புவார்கள்?

இரண்டாவது முதிரை.
இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்தலாம்.
கைப்பிடியில் மூன்று கீறல்.
அருகில் அதன் சோடி,
அதே இடத்தில் அதே மூன்று கீறல்.
"சங்கிலியால அடிப்பாங்க,
மறுகா தேயிலைச் சாயம் பூசுவாங்க."
எனக்குத் தெரிந்த பழசுகள்
ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் உடைந்தவை.

மூன்றாவது
பிரம்பு பின்னிய முதுகு,
வளைந்த கை, கீழே சில்லு.
இருந்தேன். காலால் மெல்ல உந்தினேன்.
ஃபேன் வந்தது, தெரு வந்தது,
கல்குலேட்டரோடு முபீத் வந்தார்,
திரும்பவும் ஃபேன்.
கிரீச்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.

கோட்டைக்குள் கச்சேரி.
கடல் கொண்டுபோன பிறப்புச் சான்றிதழுக்கு
கடல்தான் கொண்டுபோனது என்று
சான்று கேட்ட வருஷம்.
நான் வாயைத் திறக்கும்போதெல்லாம்
அந்தக் கதிரை
கிரீச்சென்று ஜன்னல் பக்கம் கிறுகும்.
முதுகில் ஈரத் துவாய்.
துவாய்க்குக் கீழே
பதினோராம் வரிசையில் பிரம்பு அறுந்திருந்தது.
ஆறு தடவை போய் எண்ணியிருக்கிறேன்.
அதன் முதுகை மட்டும்தான் தெரியும்.
இருக்கை இப்படிக் குழிந்து
இவ்வளவு சுகமாய் இருக்குமென்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

"எண்ணெய் விட்டாச் சத்தம் போயிரும்" என்றார் முபீத்.
வேணாம், இருக்கட்டும் என்றேன்.
நாற்பத்திரண்டாயிரம்,
முப்பத்தெட்டுக்கு இறங்கியது.

ஆட்டோவில் தலைகீழாய் வந்தது.
கல்லடிப் பாலத்துக் காற்றில்
ஐந்து சில்லும் தங்கள்பாட்டுக்குச் சுற்றின.
வீட்டில், கைப்பிடி மேசைக்கடியில் போகவில்லை.
அளந்துகொண்டு போயிருந்தேன்,
என் முதுகை மட்டும்.
மேசையின் ஒவ்வொரு காலுக்கும்
இரண்டிரண்டு செங்கல் வைத்தேன்.

நாலாம் நாள் பின்னேரம்
பக்கத்து ஒழுங்கை நேசரூபி வந்தா.
அஸ்வெசும வெட்டுப்பட்டதாம்,
மேன்முறையீடு போட வேணுமாம்.
பையை நெஞ்சோடு பிடித்தபடி
வாசலடியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தா.
திரையில் வெயில் அடிக்குதென்று
நான் ஜன்னல் பக்கம் கிறுகினேன்.

கிரீச்.

நேசரூபி
பாதிச் சொல்லில் நிறுத்தினா.
நான் நிறுத்துகிற அதே இடத்தில்.

எழும்பினேன்.
"இதில இரிங்க கா."
"ஐயோ வேணாங்கா, புதுசு."
"புதுசில்ல, பழசு."
"அப்ப ஒடிஞ்சிரும்."
தோளைப் பிடித்து இருத்தினேன்.
நுனியில் இருந்தா,
பை மடியில்,
கால் இரண்டும் தரையில் அழுந்த.

செங்கல் வைத்த மேசை
நின்று எழுதவும் பரவாயில்லை.
படிவத்தைத் திறந்தேன்.
குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டேன்.
பதிலில்லை.
இரண்டாம் தரம் கேட்கவும் இல்லை.

முதுகுக்குப் பின்னால்
ஒரு சின்னக் கிரீச்.
கொஞ்சம் பொறுத்து,
இந்தமுறை முழுச் சுற்று.